கிரகணம் பார்க்கும் முன் ஒரு பென்சிலை எடுங்கள்

2019 டிசம்பர் 26. காலை ஒன்பதரை மணியை ஒட்டி ஊட்டிக்கு மேலே சூரியன் வளையமாக நின்றது. ஊருக்குச் சற்றுத் தள்ளி, உறவினர் வீட்டு முற்றத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். மூடுபனி வருவதும் விலகுவதுமாக இருந்தது. எல்லோரும் கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்க, நான் மட்டும் சமையலறையிலிருந்து எடுத்து வந்த பூந்திக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, “ஏன் தம்பி, ஊரே மேலே பாக்குது, நீ என்னத்தைத் தொலைச்சுட்டுத் தேடுற?” என்றார். அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. கரண்டியின் ஒவ்வொரு கண் வழியாகவும் ஒரு குட்டி வளையம் தரையில் விழுந்தது. பாட்டி கையை நீட்டினார். வளையங்கள் அவர் கைமேல் ஏறிக்கொண்டன. “வளவி மாதிரியே இருக்குடா” என்றார்.

முதன்முதலாகக் கிரகணம் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கண்ணாடி வாங்குவது, எந்த மலை முனையில் நிற்பது என்பதுதான். இரண்டையும் பின்னால் சொல்கிறேன். கிரகணம் என்பது நிழல். நிழலைப் பழக வானம் வரை போக வேண்டாம். வீட்டு வாசலில், கிரகணமே இல்லாத ஒரு சாதாரண நாளில் தொடங்கிவிடலாம்.

பென்சிலும் 108-ம்

நல்ல வெயில் அடிக்கும் ஒரு காலை நேரம் போதும். தரையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, ஒரு பென்சிலை அதற்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், வெயிலுக்குக் குறுக்காகப் பிடியுங்கள். கறுப்பாக ஒரு பட்டை விழும். அதன் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய சாம்பல் நிறக் கரை இருக்கும். நடுவில் உள்ளது கருநிழல், ஓரத்தில் உள்ளது புறநிழல். பாடப்புத்தகத்தில் படம் போட்டு அம்புக்குறி போட்டு விளக்குவது இதைத்தான்.

இப்போது பென்சிலை மெல்ல உயர்த்துங்கள். கறுப்புப் பட்டை ஒடுங்கும், சாம்பல் கரை அகலும். பென்சிலுக்கும் நிழலுக்கும் இடையே முக்கால் மீட்டர் இடைவெளி வரும்போது கறுப்பு முற்றிலும் காணாமல் போய், வெறும் சாம்பல் தீற்றல்தான் மிஞ்சும். சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் இப்படி நடக்காது. அது அரை பாகை அகலமுள்ள தட்டு. அந்தத் தட்டின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒளியும் மறு விளிம்பிலிருந்து வரும் ஒளியும் வெவ்வேறு கோணத்தில் வருவதால், எந்தப் பொருளின் கருநிழலும் போகப்போக ஒடுங்கி ஓரிடத்தில் முடிந்துவிடும்.

எவ்வளவு தூரத்தில் முடியும்? பொருளின் அகலத்தைப் போலக் கிட்டத்தட்ட 108 மடங்கு தூரத்தில். சூரியன் தன் விட்டத்தைப் போல ஏறக்குறைய அத்தனை மடங்கு தூரத்தில் இருப்பதுதான் காரணம். ஏழு மில்லிமீட்டர் பென்சிலுக்கு 75 சென்டிமீட்டர் வருகிறதா? சரி, அதே கணக்கை நிலாவுக்குப் போடுங்கள். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அதை 108-ஆல் பெருக்கினால் சுமார் 3,75,000 கிலோமீட்டர். நிலாவோ நம்மிடமிருந்து சுமார் 3,56,000 முதல் 4,06,000 கிலோமீட்டர் வரை கிட்டே வந்தும் எட்டப் போயும் சுற்றுகிறது. அது கிட்டே இருக்கும்போது கிரகணம் பிடித்தால் கருநிழலின் நுனி பூமியைத் தொடும், நுனி தொட்ட இடத்தில் முழுக் கிரகணம். எட்ட இருந்தால் நுனி அந்தரத்திலேயே முடிந்துவிடும், கீழே நிற்பவர்களுக்கு வளையம். ஊட்டியில் அன்று நடந்தது இரண்டாவது.

நிலா எட்ட இருந்தால் ஏன் வளையம் என்பது முதலில் எனக்கும் பிடிபடவில்லை. தாளின் மேல் ஓர் எறும்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பென்சில் கிட்டே இருக்கும்போது, கருநிழலில் நிற்கும் எறும்புக்குப் பென்சில் சூரியனைவிட அகலமாகத் தெரியும். சூரியனை முழுவதும் மறைத்துவிடும். பென்சிலை ஒரு மீட்டருக்கு உயர்த்தினால், அதே எறும்புக்குப் பென்சிலின் இருபுறமும் சூரியன் பிதுங்கித் தெரியும். நிலா உருண்டையாக இருப்பதால் அந்தப் பிதுக்கம் நமக்கு வளையமாகிறது. மின்கம்பியின் நிழல் நடுப்பகலில் தரையில் தேடினாலும் கிடைக்காததற்கும் இதே காரணம்தான். ஒரு சென்டிமீட்டர் கம்பியின் கருநிழல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டியதுமே தீர்ந்துவிடுகிறது.

மரத்தடி

அடுத்த பழக்கம் இதைவிடச் சுலபம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக சில்வர் ஓக் நட்டிருப்பார்கள். அதன் கீழே பாதையில் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் பாருங்கள். இலை இடைவெளிகள் முக்கோணமாக, கோணல்மாணலாக, எப்படி எப்படியோ இருக்கின்றன. பொட்டுகள் மட்டும் வட்டம் அல்லது நீள்வட்டம். ஒவ்வொன்றும் சூரியனின் படம், அதுவும் தலைகீழ்ப் படம். ஓட்டை போதுமான அளவு சிறியதாகவும் திரை போதுமான அளவு தள்ளியும் இருந்தால், ஓட்டையின் வடிவம் படத்தில் வராது. ஒளி மூலத்தின் வடிவம்தான் வரும்.

இங்கேயும் 108 உதவும். பொட்டின் அகலம் பத்து சென்டிமீட்டர் என்றால், அதை உண்டாக்கிய இடைவெளி வெயிலின் பாதையில் சுமார் பதினொரு மீட்டர் தள்ளி இருக்கிறது. பொட்டு நீள்வட்டமாக இருந்தால் குட்டையான பக்கத்தை அளக்க வேண்டும். மரம் ஏறாமல் கிளையின் தூரத்தை இப்படிச் சொல்லி நான் சில பந்தயங்களில் டீ ஜெயித்திருக்கிறேன்.

கிரகண நாளில் இந்தப் பொட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பிறைகளாக மாறும். மரத்தடி முழுக்க மீன் செதில் உதிர்ந்து கிடப்பது போல இருக்கும். ஒரு சாதாரண நாளில் வட்டங்களைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் அந்த மாற்றம் உறைக்கும். பழகாதவர் அதன்மேலேயே நடந்து போய்விடுவார்.

சமையலறைக் கருவிகள்

மரம் இல்லாத இடத்தில் பூந்திக் கரண்டி, இடியாப்பத் தட்டு, தேங்காய்ச் சில்லுக்குப் பதிலாகப் புட்டுக் குழலில் போடும் துளைச் சில்லு, எது வேண்டுமானாலும் சரி. ஒரு விஷயத்தில் எல்லோரும் தவறுவார்கள்: கரண்டியைத் தரைக்கு மிக அருகில் பிடிப்பது. பூந்திக் கரண்டியின் கண்கள் சற்றுப் பெரியவை. அரை மீட்டரில் பிடித்தால் சூரியப் படமே ஐந்து மில்லிமீட்டர்தான், கண்ணின் அளவும் ஏறக்குறைய அதுதான், ஆகவே வெறும் மங்கல் வட்டம் தெரியும். ஆள் உயரத்துக்குத் தூக்கினால் படம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வரும், பிறை தெளியும். ஒருவர் நாற்காலி மேல் ஏறிக் கரண்டியைப் பிடிக்க, மற்றவர்கள் கீழே வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது கண்ணாடி முறை. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு தாளால் மூடி, தாளில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளை வெட்டுங்கள். அதை வெயிலில் வைத்து, எதிரொளிக்கும் வெளிச்சத்தை இருபது மீட்டர் தள்ளியுள்ள இருட்டறையின் சுவரில் விழச் செய்யுங்கள். பதினெட்டு சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் சுவரில் நிற்கும். பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் பார்க்கலாம், யார் கண்ணுக்கும் ஆபத்தில்லை. ஒரே எச்சரிக்கை, கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அது சூரியனை நேரே பார்ப்பதற்குச் சமம்.

கண் விஷயத்தில் சமரசம் கிடையாது

நேரே பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிதான். ஐஎஸ்ஓ 12312-2 தரம் உள்ள கிரகணக் கண்ணாடி, அல்லது வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் 14-ஆம் எண் கண்ணாடி. எண் குறைந்த வெல்டிங் கண்ணாடி ஆகாது. எக்ஸ்ரே பிலிம், சிடி, புகையேற்றிய கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸ் ஒன்றன்மேல் ஒன்று, எதுவும் ஆகாது. நம் வீடுகளில் தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணம் கரைத்த நீரோ வைத்து அதில் சூரியனைப் பார்ப்பார்கள். கலங்கல் நீர் ஒளியைக் குறைக்கிறது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. பாட்டி செய்தார் என்பதற்காக நீங்களும் செய்ய வேண்டாம்.

விழித்திரைக்கு வலி தெரியாது. சுடும்போது சுடுகிறது என்று அது சொல்லாது. பாதிப்பு சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு கறையாகத் தெரியும். மலையில் இன்னொரு வம்பு, மூடுபனி. பனிக்குள் சூரியன் வெள்ளித் தட்டு மாதிரி கண்ணுக்கு இதமாகத் தெரியும், உற்றுப் பார்க்கத் தோன்றும். அந்தப் பனி எந்த நொடியில் விலகும் என்று யாருக்கும் தெரியாது.

2019-இல் அவசரத்துக்கு ஒரு கடையில் நான் வாங்கிய அட்டைக் கண்ணாடி வழியாக வீட்டு டியூப் லைட் பளிச்சென்று தெரிந்தது. தூக்கிப் போட்டேன். நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் வீட்டுக்குள் நீங்கள் குருடர் மாதிரி, எதிரில் சுவர் இருப்பதே தெரியக் கூடாது. இன்னொன்று, அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது நேரே பார்ப்பதைவிட மோசம். குவிந்து வரும் ஒளி அந்த அட்டைக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

கிரகணம் பிடித்த பின்

கிரகணம் பிடித்து முதல் அரை மணி நேரம் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். பாதிச் சூரியன் மறைந்தாலும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இருட்டியதே தெரியாது. 2019-இல் வளையம் நின்றபோதே சூரியத் தட்டில் சுமார் 93 சதவீதம் மறைந்துவிட்டது. ஆனாலும் ராத்திரி ஆகவில்லை. பழைய பித்தளைப் பாத்திரத்தின் மேல் படும் வெளிச்சம் மாதிரி ஒரு சோகை வெயில். குளிர் மட்டும் சட்டென்று ஏறியது, ஸ்வெட்டரைத் தேடினோம்.

முக்கால் பங்கு மறைந்ததும் உங்கள் கையின் நிழலைப் பாருங்கள். என் கணக்கில் கிரகணத்தின் மிக அழகான காட்சி இதுதான், பெரும்பாலோர் தவறவிடுவதும் இதுதான். சூரியன் இப்போது மெல்லிய பிறை. நீளவாட்டில் அரை பாகை இருக்கிறது, குறுக்குவாட்டில் மிகவும் ஒல்லி. ஆகவே பிறையின் நீளத்துக்கு இணையாக விரல்களைப் பிடித்தால் நிழலின் ஓரம் பிளேடால் வெட்டியது போல இருக்கும், மணிக்கட்டு மயிர்கூடத் தரையில் தனித்தனியாகத் தெரியும். கையைத் தொண்ணூறு பாகை திருப்புங்கள், அதே விரல்கள் மங்கிக் குழம்பிவிடும். பென்சில் சோதனையைச் செய்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முழு வளையம் ஆனதும் இந்த வித்தை மறைந்துவிடும், ஏனென்றால் ஒளி மறுபடி எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது.

முழுக் கிரகணம் என்றால் இன்னொன்றும் உண்டு. சூரியன் முற்றிலும் மறைவதற்குச் சற்று முன்பும் வெளிப்பட்ட உடனேயும், வெள்ளைத் தரையிலோ சுவரிலோ மெல்லிய நிழல் அலைகள் நெளிந்து ஓடும். காற்றின் சூடான, குளிர்ந்த அடுக்குகள் ஒல்லியான ஒளிக்கீற்றை வளைப்பதால் வருபவை. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெயில் நெளிவதைப் போல.

நீலகிரிக்கு முழுக் கிரகணமும் வாய்த்திருக்கிறது. 1871 டிசம்பர் 12 காலையில் நிலாவின் கருநிழல் இந்த மலைகள்மேல் கடந்தது. தொட்டபெட்டாவில் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் குழு கருவிகளை நிறுத்தியிருந்தது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள சோலூரில் நின்றவர் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1868-இல் குண்டூரில் கிரகணம் பார்த்த அதே ஆள். சோலூரில் அவர் சூரியனின் ஒளிமகுடத்தை, அதாவது முழுக் கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளியை, நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, சூரிய ஒளிக்கே உரிய கரிய கோடுகள் அதிலும் இருப்பதைக் கண்டார். அதாவது மகுடத்தின் ஒளியில் ஒரு பங்கு, சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறி வரும் சாதாரண வெயில். சோலூர் போகும் பஸ்ஸில் இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

உலக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரகண நேரத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவார்கள். விழாமல் நிற்கும், கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பார்கள். அடி தட்டையாக உள்ள உலக்கை பொறுமையாக நிறுத்தினால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும். நாங்கள் நிறுத்தினோம்.

பூமியின் நிழலை மாலையிலேயே பார்க்கலாம்

சந்திர கிரகணத்துக்கு வருவோம். நிலாவை மறைக்கும் அந்தப் பூமி நிழலைப் பார்க்கக் கிரகணம் வரை காத்திருக்க வேண்டாம். மலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி இலவசம். வானம் தெளிவாக உள்ள ஒரு மாலை, கிழக்கே சமவெளி தெரியும் இடத்தில், கோத்தகிரி கோடநாடு பக்கமோ பழனி மலை என்றால் கொடைக்கானலின் கிழக்கு விளிம்பிலோ நில்லுங்கள். எல்லோரும் மேற்கே அஸ்தமனத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் அதற்கு முதுகைக் காட்டுங்கள். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும், அதன் தலையில் ரோஜா நிறக் கரை கட்டியிருக்கும். அந்த நீலச் சாம்பல்தான் பூமியின் நிழல், காற்றின் மேல் விழுந்து தெரிகிறது. பௌர்ணமி மாலையில் நிலா அந்தப் பட்டைக்கு அருகிலேயே உதிக்கும். நிழலுக்குள் அது நுழைகிற பௌர்ணமிதான் சந்திர கிரகணம்.

பூமிக்கும் அதே 108. விட்டம் 12,742 கிலோமீட்டர், ஆகவே கருநிழல் சுமார் பதினான்கு லட்சம் கிலோமீட்டர் நீளும். நிலா இருக்கும் தூரத்தில் அதன் அகலம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நிலாவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் சந்திர கிரகணம் மணிக்கணக்கில் நீடிக்கிறது, நிலா எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் காணலாம்.

முதலில் வரும் புறநிழல் கட்டத்தைத் தேடி அலுக்க வேண்டாம், கண்ணுக்கு லேசில் பிடிபடாது. கருநிழல் தொட்டதும் நிலாவின் ஓரத்தில் கரி பூசினாற்போல் ஒரு வளைவு ஏறும். அந்த வளைவு எப்போதும் வட்டத்தின் துண்டாகவே இருக்கும், பூமி உருண்டை என்பதற்கு மிகப் பழைய சாட்சி அது. நிலா முழுவதும் உள்ளே போனதும் கறுக்காமல் செம்புச் சொம்பு மாதிரி சிவக்கும். பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று, வெயிலை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியில் சிதறிப்போகச் சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. அந்த நேரத்தில் நிலாவில் ஒருவர் நின்றால், பூமியைச் சுற்றி ஒரு செந்நிற வளையத்தைக் காண்பார். உலகத்தின் எல்லா விடியலும் எல்லா அந்தியும் சேர்ந்த வளையம். காற்றில் எரிமலைத் தூசி அதிகமாக இருந்தால் சிவப்பும் மங்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா இருக்குமிடமே தெரியாத அளவுக்கு மங்கியது. பைனாகுலர் இருந்தால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மெல்லிய நீலக் கரையைத் தேடுங்கள், அது ஓசோன் அடுக்கின் வேலை. இங்கே கண்ணாடி எதுவும் தேவையில்லை.

எப்போது, எங்கே

2027 ஆகஸ்ட் 2 மாலையில் நமக்குப் பகுதிச் சூரிய கிரகணம். எகிப்து, ஸ்பெயினில் அது முழுமை. ஆகஸ்டில் நீலகிரி ஈரமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம்தான் கொட்டும், கோத்தகிரி சற்று மழை மறைவு. அதற்காக அவசரப்பட்டுக் கோத்தகிரிக்கு ஓடாதீர்கள். மாலைச் சூரியன் மேற்கே இறங்கும், அங்கே மலை மறிக்கலாம். எந்த இடமானாலும் முந்தின வாரமே ஒரு மாலை போய், நாலரை மணிக்கும் ஐந்தரைக்கும் சூரியன் மலைக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பனி மூடினால் கீழே இறங்கிவிட யாராவது வண்டியோடு தயாராக இருப்பது நல்லது. 2031 மே 21-இல் மறுபடி வளையம், தேனி, மதுரை வழியாக. பழனி மலைக்காரர்களுக்கு அது வாசல் தேடி வருவது.

இவற்றில் நான் நாள் எண்ணிக்கொண்டிருப்பது 2028 டிசம்பர் 31 இரவுக்கு. முழுச் சந்திர கிரகணம். எட்டரை மணிக்குச் சற்றுப் பின் கருநிழல் தொடும், பத்தே கால் மணியைத் தாண்டி நடுக்கிரகணம், முழுமை ஒரு மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் வானம் திறந்தால் கண்ணாடி மாதிரி திறக்கும், ஆனால் உறைபனி விழும். ஸ்வெட்டர், குல்லா, தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய், பிளாஸ்கில் டீ. லென்ஸில் பனி படியும், துடைக்க உலர்ந்த துணி வையுங்கள். தயவுசெய்து தேயிலைக் காட்டுக்குள் போக வேண்டாம். குன்னூர், கோத்தகிரியில் இருட்டில் நமக்கு முன்னால் கரடியும் காட்டெருமையும் வந்து நிற்கும். வீட்டு மொட்டை மாடியே போதும், நிலா நல்ல உயரத்தில் இருக்கும்.

மாடிக்குப் பென்சிலையும் எடுத்துப் போங்கள். நிலாவும் அரை பாகைதான், ஆகவே நிலா வெளிச்சத்திலும் அதே முக்கால் மீட்டரில் கருநிழல் தீரும். முழுமை நெருங்க நெருங்க உங்கள் நிழல் தரையில் கரைந்து போகும், அதுவரை ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் கூட்டமாக வெளிவரும். பன்னிரண்டு மணியை ஒட்டிக் கிரகணம் விடும். ஊரில் வெடிச் சத்தம் கிளம்பும்போது ஒரு தரம் காலடியைப் பாருங்கள், நிழல் முழுசாகத் திரும்பி வந்து நிற்கும்.